928 கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்: பழுப்பேறிய விண்கலத்தைப் பழைய நீலத்துக்குக் கொண்டுவருதல்

பழைய லெகோ பொம்மை விண்கலத்தின் இறக்கையிலுள்ள சாம்பல் தட்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் ஒரே துண்டில் இரண்டு நிறம் தெரியும். வெளிச்சம் பட்ட மேற்புறம் டீக்கறை பிடித்த வேட்டி மாதிரி பழுப்பேறியிருக்கும். மேலே வேறு துண்டு மூடியிருந்த இடங்கள் மட்டும் கட்டம் கட்டமாகச் சாம்பலாகவே இருக்கும். கவிழ்த்து அடிப்புறத்துக் குழாய்களுக்கு நடுவே பாருங்கள். அச்சிலிருந்து விழுந்த நாளின் நிறம் அங்கே அப்படியே தங்கியிருக்கும். இந்த வேலை முழுவதற்கும் அந்த அடிப்புறம்தான் அளவுகோல். எந்தத் துண்டுக்கு வைத்தியம் தேவை, எப்போது நிறுத்த வேண்டும், எது அசல், எது பின்னாளில் வந்து சேர்ந்தது என்ற மூன்று கேள்விக்கும் அதுவே பதில் சொல்லும்.

லெகோ 928, கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர், 1979இல் வந்தது. அமெரிக்காவில் இதே பெட்டி 497 என்ற எண்ணில் விற்றது. மொத்தம் 338 துண்டுகள். சிவப்பு உடையில் இருவர், வெள்ளை உடையில் இருவர் என நான்கு விண்வெளி வீரர்கள். கலத்தின் பின்புறச் சரக்கறைக்குள் ஏறி நிற்கும் குட்டி ஊர்தி, தரைப்பலகை, சின்னக் கட்டுப்பாட்டு அறை. இந்த விண்வெளி வரிசையை உருவாக்கியவர் டென்மார்க்கின் ஜென்ஸ் நைகார்ட் நுட்சன். 1978இல் வந்த மினிஃபிகர் என்ற குட்டி மனிதனும் அவர் கைவேலைதான். 2020இல் காலமானார்.

நீல உடல், சாம்பல் இறக்கை, மஞ்சள் கண்ணாடி. இதை வைத்து விளையாடியவர்களுக்குக் கலத்தின் வடிவம் அரைகுறையாகத்தான் நினைவிருக்கும், இந்த நிறச்சேர்க்கை மறக்காது. நாற்பது வருஷத்தில் கெட்டுப்போவதும் சரியாக இந்த மூன்றுதான். நீலம் பாசி படிந்தாற்போல் பச்சை ஓடிவிடும், சாம்பல் பழுப்பாகும், கண்ணாடி கீறலால் மங்கும். ஆகவே வேலை நிறத்தைச் சுற்றியே நடக்கும். அதற்காக, பழுப்பை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலை முதல் நாளே திறந்துவிடக் கூடாது. எண்ணி, கழற்றி, கழுவிய பிறகு பார்த்தால் பழுப்பு என்று நினைத்ததில் கணிசமான பங்கு வெறும் அழுக்கு என்பது தெரியவரும்.

முதலில் எண்ணிக்கை

பழைய கலம் பெரும்பாலும் தனியாக வராது. ஒரு மூட்டைக் கலவைத் துண்டுகளுக்குள் கலந்துதான் கிடக்கும். வெள்ளை வேட்டியோ படுக்கை விரிப்போ விரித்து, ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் கொட்டிப் பிரியுங்கள். டியூப்லைட்டில் சாம்பலைப் பிரித்தால் மறுநாள் திரும்பவும் பிரிக்க வேண்டியிருக்கும்.

துண்டுகளின் தலையிலுள்ள வட்டக் குமிழ்களின் மேல் லெகோ என்ற பெயர் பொடியாகப் பதிந்திருக்கும். இல்லாதவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். போலித் துண்டு ஒன்று உள்ளே நுழைந்தால் அதன் இறுக்கம் வேறாக இருக்கும், பக்கத்துத் துண்டையும் தளர்த்தும். பிறகு லெகோ துண்டுகளை வாங்கி விற்கும் பிரிக்லிங்க், துண்டுப் பட்டியல்கள் தரும் ரீபிரிக்கபிள் தளங்களில் 928க்கான துண்டுப் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு வகையாகக் கிடைத்தது, குறைவது, உடைந்தது என்று மூன்று பத்தியில் குறியுங்கள். பட்டியல் இல்லாமல் கட்டத் தொடங்கினால் பாதியில் ஒரு தட்டு குறைந்து, அந்த இடத்தில் ஏதோ ஒன்றைச் செருகி, கடைசியில் அதுவே நிலைத்துவிடும்.

மூட்டையில் முதலில் தேட வேண்டியவை: எல்எல்928 என்று அச்சிட்ட நீலச் செங்கல் (தட்டைவிடத் தடித்த கட்டைத்துண்டு), கோளைச் சுற்றிக் கலம் பறக்கும் சின்னம் அச்சிட்ட துண்டுகள், மஞ்சள் கண்ணாடித் துண்டுகள், வீரர்களின் உடல், ஹெல்மெட், முதுகில் மாட்டும் காற்றுக்கலம் (துண்டு எண் 3838). மற்றவற்றில் பெரும்பாலானவை எந்தப் பழைய மூட்டையிலும் அகப்படும் சாதாரண நீலத் தட்டுகளும் செங்கற்களும்தான். எல்எல்918, எல்எல்924 என்று அச்சிட்ட துண்டுகள் கண்ணில் பட்டால் அவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அதே குடும்பத்தின் சிறிய கலங்கள் அவை. மூட்டையில் அவற்றின் மற்ற துண்டுகளும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, சாம்பல் தட்டு அளவுக்கு மிஞ்சியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சாம்பலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றியது. பழையது லேசாக மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான சாம்பல், நிறுவனத்தின் நிற எண் 2. புதியது நீலம் கலந்தது, எண் 194. பிரிக்லிங்கில் பழையதை லைட் கிரே என்றும் புதியதை லைட் ப்ளூயிஷ் கிரே என்றும் எழுதியிருப்பார்கள். வாங்கும்போது அந்த ஒரு சொல்லைக் கவனிக்காவிட்டால் இறக்கையில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: வெயிலில் பழுப்பேறிய புதுச் சாம்பல், பார்வைக்குப் பழைய சாம்பல் போலவே இருக்கும். அப்படி ஒன்றைப் பெராக்சைடில் போட்டு வெளுத்தால் நீலம் மேலே வந்து குட்டு உடையும். அதற்கு முன்பே அடிப்புறத்தைப் பார்த்துவிட்டால் அந்த வேலை மிச்சம்.

கழற்றுவது

நாற்பது வருஷம் ஒட்டியே கிடந்த இரண்டு மெல்லிய தட்டுகளைப் பிரிப்பது மூட்டுவலிக்காரர் வேலை அல்ல. கத்தி முனை வேண்டாம், ஓரத்தில் விழும் வெட்டு நிரந்தரம். பல்லும் வேண்டாம். மூட்டையிலுள்ள தட்டுகளின் ஓரத்தைப் பார்த்தால் முந்தைய உரிமையாளரின் வயதை அந்தப் பல் தடமே சொல்லும், அதை எதைக் கொண்டும் ஆற்ற முடியாது.

பிரிக்கும் கருவி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒன்றை, கீழே ஒன்றை மாட்டி, எதிரெதிர்த் திசையில் மெதுவாக நெம்பினால் ஓரம் விட்டுக்கொடுக்கும். கருவி இல்லையென்றால் மேல்தட்டின் மீது ஒரு 2×4 செங்கல், கீழ்த்தட்டின் அடியில் ஒரு 2×4 செங்கல் குத்தி, அவற்றையே கைப்பிடியாக வைத்துத் திருகலாம். நடுவில் அழுத்தி வளைத்துப் பிரிப்பது பழைய தட்டுக்கு ஆகாது. பிளாஸ்டிக் முன்பு போல வளையாது, குழாய் ஓரத்தில் விரிசல் விடும்.

விரல் விரலாகக் கோத்த பழைய கீல்கள் தனிக் கவனம் கேட்கும். நேராக இழுத்தால் விரல் ஒடியும். திறந்து மூடும் திசையிலேயே ஒரு பக்கக் கடைசிக்குத் திருப்பி, பக்கவாட்டில் அசைத்துக் கழற்ற வேண்டும். இரண்டு பாதியும் இறுக்கமாக, ஒழுங்காக அசைந்தால் பிரிக்கவே வேண்டாம், சேர்த்தே கழுவிக்கொள்ளலாம். கண்ணாடித் துண்டின் மேல் கண்ணாடித் துண்டு குத்தியிருந்தால் சிரமம் இரட்டிப்பு. அந்தப் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, இடுக்கில் தண்ணீர் ஏறிய பிறகு முயலுங்கள்.

கழுவுவது

5 லிட்டர் பக்கெட், ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், 35 முதல் 38 டிகிரி வரை சூடான தண்ணீர். 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது லெகோவே சொல்லும் வரம்பு. வாஷிங் மெஷினும் கூடாது. லெகோ துண்டுகள் வார்க்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருகுவதற்கு இதைவிட நிறையச் சூடு வேண்டும்தான். ஆனால் அச்சில் அழுத்தி வார்த்தபோது உள்ளே உறைந்துபோன இறுக்கம், சூடு பட்டால் தளர்ந்து தட்டு வளைந்துவிடும். நீளமான இறக்கைத் தட்டுகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

மெல்லிய துணிகள் துவைக்கப் பயன்படும் வலைப்பையில் சாதாரணத் துண்டுகளைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அச்சிட்டவை, கண்ணாடி, வீரர்கள் ஆகியவற்றைத் தனிக் கிண்ணத்தில் கையால் மட்டும் கழுவ வேண்டும். பையில் ஒன்றோடொன்று உரசினால் கண்ணாடியில் கீறல் விழும், நெஞ்சிலுள்ள பொன்னிறச் சின்னமும் தேயும். உலோக அச்சு செருகிய சக்கரங்களைத் தண்ணீரில் போடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். துரு ஒருமுறை கசிந்தால் பிளாஸ்டிக்கில் கறையாக இறங்கிவிடும்.

ஊறியபின் குழந்தைகளுக்கான மென்மையான டூத்பிரஷ்ஷால் குமிழ்களுக்கு நடுவே தேயுங்கள். பற்பசை வேண்டாம், அதிலுள்ள மாவு பளபளப்பைத் தின்னும். போர்வெல் தண்ணீர் ஊரில் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொண்டால், நீலத்தட்டில் வெள்ளை உப்புப் பூக்காது. ஏற்கெனவே பூத்திருந்தால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வினிகர், ஐந்து நிமிடம், பிறகு அலசல். குமிழ் கீழே பார்க்க, குழாய் மேலே பார்க்கத் துணியில் பரப்பினால் உள்ளே நீர் தேங்கும். எனவே குழாய்ப் பக்கம் கீழிருக்கும்படி பரப்பி, ஃபேன் காற்றில் ஒரு முழு நாள் உலர விடுங்கள். ஹேர் டிரையர் பக்கமே போகவேண்டாம்.

காய்ந்த துண்டுகளைப் பெட்டியில் போடும் முன்பு விரிசல் பார்த்துவிட வேண்டும். 1×1, 1×2 செங்கற்களின் பக்கச்சுவர், வீரர் உடலின் அடி ஓரம் ஆகியவைதான் அதிகம் விரிசல் விடும். துண்டை விளக்குக்கு எதிரே பிடித்து விரலால் லேசாக அழுத்தினால் கோடு திறந்து மூடுவது தெரியும். விரிந்த செங்கல் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் பிடிமானம் இருக்காது. அதைக் கலத்தின் உட்புறத்தில், பாரம் தாங்காத இடத்துக்கு ஒதுக்குங்கள்.

தட்டுகள் வளைந்திருக்கிறதா என்பதற்கு ஸ்கேல்கூட வேண்டாம். ஒரு செங்கல் 9.6 மி.மீ. உயரம், தட்டு 3.2 மி.மீ. மூன்று தட்டு அடுக்கினால் ஒரு செங்கல். சந்தேகத்துக்குரிய தட்டை மூன்றடுக்கில் நடுவே வைத்துப் பக்கத்தில் செங்கல் நிறுத்தினால் இடைவெளி உடனே தெரியும். வளைந்ததைச் சூடுபடுத்தி நிமிர்த்துபவர்கள் உண்டு. நான்கில் ஒன்று கோணலாகப் போகும் ஆட்டம் அது. நேரான பெரிய தட்டுகளை இரண்டு அடுக்காகக் கட்டி அதன்மேல் வளைந்ததைக் குத்தி, மேலே புத்தகப் பாரம் ஏற்றிச் சில வாரம் மறந்துவிடுவது மெதுவான வழி என்றாலும் சேதம் இல்லாத வழி.

பெராக்சைடு

முதலில் எதனால் நிறம் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்பது தானே விளங்கும். ஏபிஎஸ்ஸின் மூன்று கூறுகளில் பியூட்டடையீன் என்ற ரப்பர் கூறுதான் பலவீனமானது. புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் அதைத் தாக்கும்போது நீல ஒளியை விழுங்கும் மூலக்கூறு அமைப்புகள் மேற்பரப்பில் உண்டாகின்றன. நீல ஒளி குறைந்தால் கண்ணுக்கு மஞ்சள். வெள்ளையிலும் சாம்பலிலும் அது பழுப்பாகத் தெரியும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. சிவப்பு ஏற்கெனவே நீல ஒளியை விழுங்கும் நிறம் என்பதால் சிவப்பு வீரர்கள் அதே வயதானாலும் இளமையாகத் தெரிகிறார்கள். கறுப்பும் அப்படித்தான். ஆகவே சிவப்பையும் கறுப்பையும் இந்தக் குளியலில் போடுவதில் லாபம் இல்லை, வெளிறிப்போகும் நஷ்டம் மட்டும் உண்டு.

பெராக்சைடும் புற ஊதாவும் சேர்ந்து அந்த மஞ்சள் அமைப்புகளை உடைக்கின்றன. அவ்வளவுதான். நொறுங்கத் தொடங்கிய பிளாஸ்டிக் இதனால் உறுதியாவதில்லை. நிறம் திரும்பிய துண்டு வயதில் இளையதாகிவிட்டது என்று நம்பி அழுத்திக் குத்தினால் ஒடியும்.

தேவையான அடர்த்தி 3%. நம் மருந்துக் கடைகளில் 20 வால்யூம் என்று விற்பது 6%. அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3% ஆகிவிடும். 2 லிட்டர் மருந்து, 2 லிட்டர் தண்ணீர் இருந்தால் கலத்தின் நீலத்துண்டுகளை ஒரு முறையும் சாம்பலை மறுமுறையும் முக்கி எடுக்கலாம். அழகு நிலையக் கடையில் கிடைக்கும் 12% கிரீம் சீக்கிரம் வேலை செய்யும் என்று சொல்வார்கள். தடவிய கிரீம் காய்ந்த இடமும் காயாத இடமுமாகத் துண்டில் மேகம் மேகமாகத் திட்டு விழும், அதைத் திருப்ப வழி கிடையாது. அடர்த்தியானது தோலையும் வெளுத்து எரிக்கும். 3% ஆனாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கண்ணாடியாகவோ ஒளி புகும் பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். எவர்சில்வர், அலுமினியம், செம்பு எதுவும் வேண்டாம், உலோகம் பட்டால் பெராக்சைடு வீணாகச் சிதையும். மூடியை இறுக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருக்கும், இறுக்கிய பாட்டில் வெடிக்கும்.

துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றிலும் குமிழி ஒட்டி மேலே மிதக்கத் தொடங்கும். எல்லாப் பிழைகளுக்கும் ஆரம்பம் இந்த மிதப்புதான். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் துண்டில், நீர்மட்டத்தில் ஒரு கோடு விழும். வெளியே நீட்டிய பகுதியில் திரவம் காய்ந்து அடர்த்தியாகி, நீலத்தில் சாம்பல் பூத்தாற்போல வெள்ளைப் படலம் பிடிக்கும். அந்தப் படலம் அழுக்கு இல்லை, மேற்பரப்பே அரித்துப்போனது. எண்ணெய் தடவினால் சில நாள் மறையும், அவ்வளவே. அதனால் பிளாஸ்டிக் வலை ஒன்றைத் துண்டுகளின் மேல் வைத்து, அதன்மேல் கண்ணாடித் தட்டு வைத்து அமுக்கிவிடுங்கள். அரை மணிக்கொரு முறை மரக்குச்சியால் கிளறிக் குமிழிகளை உதிர்த்து, துண்டுகளைப் புரட்டிப்போட வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்ய முடியாது. காலையில் வைத்துவிட்டு அலுவலகம் போய் வருகிற வேலை இல்லை இது.

வெயிலைப் பற்றி. ஐரோப்பியர்கள் எழுதிய குறிப்புகளில் முழு நாள் வெயிலில் வையுங்கள் என்றிருக்கும். சித்திரை மாதத்து மொட்டை மாடியில் அதை அப்படியே செய்தால் 11 மணிக்கெல்லாம் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டிவிடும். காலை 7 முதல் 10 வரையும் மாலை 3:30க்குப் பிறகும் வைத்தால் போதும். அல்லது பாத்திரத்தை அகலமான தாம்பாளத்துத் தண்ணீரில் நிறுத்தி, சூடேறியதும் அந்தத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரு வெப்பமானியை உள்ளே போட்டு வைப்பது நல்லது. வெயில் இல்லாத நாட்களில் 365 அல்லது 395 நானோமீட்டர் எல்இடி பட்டையை, வெளிப்புறம் அலுமினியத் தாள் சுற்றிய கண்ணாடிப் பாத்திரத்துக்கு மேல் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க வைக்கலாம். மெதுவாக நடக்கும், ஆனால் சூடு கட்டுக்குள் இருக்கும். கண்ணால் அந்த விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

வெள்ளை வீரர்களின் கால்களில்தான் மாற்றம் முதலில் தெரியும், இரண்டு மூன்று மணி நேரத்தில். நீலத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வெயில். சாம்பல் பிடிவாதக்காரன், இரண்டு நாள் கேட்பான். ஈரமாக இருக்கும்போது எல்லாமே கறுத்துப் பளபளவென்று தெரியும், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை எடுத்து அலசித் துடைத்து, அதன் அடிப்புறத்தோடு ஒப்பிடுங்கள். மேற்புறம் அடிப்புறத்தைவிட ஒரு சாயல் பழுப்பாக இருக்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது. இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்படும் அரை நாளில்தான் படலம் பிடிக்கும். ஒரே இறக்கையில் வரும் தட்டுகள் அத்தனையையும் ஒரே குளியலில் போடுங்கள். இன்று நான்கு, நாளை நான்கு என்று போட்டால் சாயல் ஒத்துவராது.

அச்சிட்ட செங்கல்லையும் வீரர்களின் உடலையும் உள்ளே போடலாமா? போட்டுத் தப்பியவர்கள் உண்டு. ஒரே ஒரு எல்எல்928 வைத்திருப்பவர் அந்தச் சோதனையைச் செய்யத் தேவையில்லை. கொஞ்சம் பச்சை ஓடிய நீலத்தில் எழுத்து முழுதாக நிற்பதே மேல். கண்ணாடித் துண்டுகளைப் போடவே வேண்டாம்.

குமிழி வருவது நின்றால் மருந்து தீர்ந்தது என்று பொருள். மிச்சம் தண்ணீரும் ஆக்சிஜனுமாகத்தான் பிரியும், நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். வெளுத்த துண்டுகளை நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து எடுங்கள். குழாய்களுக்குள் மருந்து தங்கினால் அங்கேயே வெளுத்துக்கொண்டிருக்கும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மஞ்சள் திரும்பி வரும். இருட்டில் வைத்தாலும் சில வருஷத்தில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். வருஷா வருஷம் இதே வைத்தியம் செய்தால் துண்டு உதிரும்.

மஞ்சள் கண்ணாடி

விமானி அறையின் மஞ்சள் கண்ணாடிதான் இந்தக் கலத்தின் முகம். இது ஏபிஎஸ் வகையில்லை, கெட்டியான வேறு பிளாஸ்டிக். இதன் தொல்லை கீறல். நகத்தில் தட்டுப்படாத மேலோட்டமான கீறலை பிளாஸ்டிக் பாலிஷும் மெல்லிய பருத்தித் துணியும் கொண்டு, வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை இழுத்தால் எடுத்துவிடலாம். நகத்தில் தட்டும் கீறலுக்கு ஈர உப்புத்தாள்: 1500, பிறகு 2000, பிறகு 3000, கடைசியில் பாலிஷ். ஒவ்வொரு தாளுக்கும் முந்தைய தாளின் திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், முந்தைய கோடுகள் மறைந்தனவா என்று கண்ணுக்குத் தெரியும். ஓரங்களில் முகமூடி நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். ஓரம் மழுங்கினால் பக்கத்துத் துண்டோடு சேருமிடத்தில் இடைவெளி தெரியும், அதைவிடக் கீறலே தேவலை. குமிழ்களைத் தொடவே கூடாது, 4.8 மி.மீ. குமிழ் இம்மியளவு தேய்ந்தாலும் பிடி போய்விடும்.

அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் இதன் பக்கத்தில் வரக்கூடாது. மறுநாள் உள்ளுக்குள் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடியிருக்கும்.

வீரர்கள்

ஹெல்மெட்டின் தாடைப்பட்டி ஒடிந்திருக்கும். ஒடியாத ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். முதல் வருஷங்களின் ஹெல்மெட்டில் அந்தப் பட்டி மெல்லியது. தலையில் மாட்டும்போதும் கழற்றும்போதும் முழுப் பாரமும் பட்டியின் நடுவில் விழும், அங்கேயே வெடிக்கும். பின்னாளில் பட்டியைத் தடிப்பாக்கினார்கள். 2014இல் வந்த லெகோ திரைப்படத்தின் நீல விண்வெளி வீரனுக்குக்கூட ஹெல்மெட்டை அதே இடத்தில் ஒடிந்ததாகத்தான் செய்திருந்தார்கள். அந்த அளவுக்கு அது ஊரறிந்த நோய்.

ஒட்டலாமா என்றால், ஒட்டும் பரப்பு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். உள்ளே தலை நுழைந்ததும் பட்டி விரிந்து நிற்கும், ஒட்டு விடும். பார்வைக்கு மட்டும் வேண்டுமானால் இப்படிச் செய்யலாம்: அதே நிறத்து உடைந்த துண்டைச் சீவி அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, ஊசி முனையால் இரு முனையிலும் ஒரு பொட்டு வைத்து, தலை இல்லாமல் ஒரு நாள் காயவிட வேண்டும். அதன்பின் அந்த ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டக் கூடாது. இதைவிட ஒடிந்ததை ஒடிந்ததாகவே மாட்டி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி நிறுத்துவது நேர்மையான தீர்வு. தடித்த பட்டி ஹெல்மெட் வாங்கிப் போட்டால் உறுதியாக இருக்கும். ஆனால் 1979இல் இல்லாத பொருள் என்று பட்டியலில் குறித்துவையுங்கள்.

உடலின் பக்கவாட்டில் அடியிலிருந்து மேலேறும் விரிசல், இடுப்புத் துண்டு உள்ளே அழுத்திக்கொண்டே இருப்பதால் வருவது. காலைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையில் துளி அசிட்டோன் தொட்டு உட்புறமாக விரிசலில் வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும். துணி சுற்றிய கிளிப் போட்டு 24 மணி நேரம். வெளிப்புறமாக வைத்தால் பொன்னிறச் சின்னம் கரையும். தேய்ந்த சின்னத்தின் மேல் புதிதாக வரைவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாத வேலை. கோளின் வளைவில் பாதி மிஞ்சியிருந்தாலும் அது அசல். கைகள் லொடலொடத்தால் மணிக்கட்டுக் குச்சியில் ஃப்ளோர் பாலிஷ் ஒரு பூச்சுத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் செருகினால் இறுக்கம் திரும்பும்.

தலைகளையும் பாருங்கள். பழைய தலையின் உச்சிக் குமிழ் முழுதாக மூடியிருக்கும். துளை உள்ள தலை பிற்காலத்தது. நீல, கறுப்பு உடை வீரர்கள் 1984இல் வந்தவர்கள், மூட்டையில் இருந்தாலும் 928இல் அவர்களுக்கு இடமில்லை.

கட்டுவது

அந்தக் காலச் செய்முறைத் தாள் இன்றைய தாள் போலக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லாது. இந்தப் படிக்கு இன்னின்ன துண்டு என்ற கட்டம் கிடையாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு துண்டு கூடியிருக்கும், எல்லாம் நீலத்தின் மேல் நீலம். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து மூலை மூலையாக ஒப்பிடுவதுதான் வழி. ஸ்கேன் செய்த தாளாக இருந்தால் திரையில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் தட்டுகளின் கோடு பிரியும். ஒவ்வொரு படியிலும் குமிழ்களை எண்ணுங்கள். உடற்பகுதியின் அடித்தட்டு ஒரு குமிழ் தள்ளி, அதாவது 8 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால், இறக்கை மாட்டும்போதுதான் தெரியவரும். அப்போது பாதிக்கலத்தைப் பிரிக்க வேண்டும், பழைய துண்டுகளுக்கு அது இன்னொரு சுற்று வேதனை.

வெளுத்ததில் சாயல் கூடக்குறைய வந்த துண்டுகளை ஜோடி சேர்த்து, இடப்புறமும் வலப்புறமும் ஒரே சாயல் வரும்படி வையுங்கள். திட்டு இடது இறக்கையில் மட்டும் இருந்தால் கண் அங்கேயே போகும். இரண்டு பக்கமும் இருந்தால் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிடும். படலம் பிடித்தவை, பல் தடம் பட்டவை, பிற்காலச் சாம்பல் எல்லாம் உள்ளே மறையும் அடுக்குகளுக்கு. 2022இல் லெகோ தன் 90ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட 10497, இதே பெயரில் 1254 துண்டுகளோடு வந்த பெரிய கலம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் சாம்பல் புதுச்சாம்பல். அதிலிருந்து தட்டெடுத்து இதன் இறக்கைக்குப் போடலாம் என்ற யோசனை வரும்போது ஜன்னலோரம் கொண்டுபோய் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய துண்டுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, செய்முறைத் தாளுக்குள் மடித்து வையுங்கள். நாளை கைமாறினால் வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.

நேர் வெயில் விழாத அலமாரி. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் அதுவும் வேண்டாம், பிரதிபலித்த வெளிச்சத்திலும் புற ஊதா இருக்கிறது. உதிரிகளைப் பாலித்தீன் ஜிப் பைகளில் வைக்கலாம். நெடி அடிக்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் ஆகாது, அதிலுள்ள எண்ணெய்ப்பொருள் துண்டில் இறங்கிப் பிசுபிசுக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அதே காரணத்துக்காக, சரக்கறைக்குள் குட்டி ஊர்தியை நிறுத்திக் கதவைச் சாத்துவதற்கு முன் அதன் டயர்களைக் கழற்றித் தனிப் பையில் போட்டுவிடுங்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் சரக்கறைத் தரையில் டயர் தடம் உருகிப் பதிந்துவிடும், அதைப் பெராக்சைடும் எடுக்காது.